அச்சமும் பெருமிதமும்: காவிரிச் சமவெளியின் இரணியனும் வேடமேற்பு விளையாட்டுகளின் எதிர்த்தலைவர்களும்

ஆய்வுச்சுருக்கம்

மிகுபுனைவு உலகைக் களமாகக் கொண்ட வேடமேற்புக் காணொளி விளையாட்டுகளில் எதிர்த்தலைவன் ஆட்டக்காரரை அஞ்சவைப்பது எதனால் என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நான்கு நிலைக்களன்களும், கம்பராமாயண இரணியன் வதைப் படலமும், தஞ்சை மாவட்டத்து மெலட்டூர்ப் பாகவத மேளாவும் இதற்கு அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. எதிர்த்தலைவனின் வலிமையைப் பெருக்கிக் காட்டுவதால் அச்சம் பிறப்பதில்லை. ஆட்டக்காரர் வாழும் உலகின் விதிகளுக்கு அவன் உரியவனாக அமைவதால் பிறக்கிறது என்பது கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, அச்சம், பெருமிதம், இரணியன், பாகவத மேளா, வேடமேற்பு விளையாட்டு, எதிர்த்தலைவன்.

முன்னுரை

கூத்தில் ஒருவர் வேடம் கட்டுகிறார், ஏனையோர் காண்கின்றனர். வேடமேற்புக் காணொளி விளையாட்டில் காண்பவரே வேடம் ஏற்கிறார். தம் பாத்திரத்தின் பெயர், குலம், தொழில், படைக்கலம் ஆகியவற்றை அவரே தெரிவுசெய்து, நாற்பது ஐம்பது மணிநேரம் அப்பாத்திரமாகவே ஒரு கற்பனை உலகில் உலவுகிறார். அவ்வுலகின் கேட்டுக்குக் காரணமானவனைத் திரை வழக்கில் 'வில்லன்' என்கிறோம். காப்பிய வழக்கை ஒட்டி இங்கு 'எதிர்த்தலைவன்' என்னும் சொல் ஆளப்படுகிறது.

இந்திய விளையாட்டு ஆக்கத்தில் தொன்மக் கதைகள் இடம்பெறத் தொடங்கிவிட்டன. புணேயில் உருவாகி 2020இல் வெளிவந்த 'ராஜி' என்னும் சாகச விளையாட்டில் அசுரனே எதிர்த்தலைவன். இனி வரும் ஆக்கங்களில் அசுரர் வெறும் இலக்குகளாக நிற்பரா, பொருளுடைய பாத்திரங்களாக நிற்பரா என்பது தமிழாய்வும் கருதவேண்டிய வினா. அதற்கு விடை தேடத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எதிர்த்தலைவன் ஒருவனைப் பல தலைமுறைகளாக மேடையேற்றிவரும் மரபு காவிரிச் சமவெளியிலேயே உள்ளது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

தொல்காப்பியர் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கும் அதன் நிலைக்களன்கள். மனித ஆற்றலைக் கடந்தது அணங்கு; உடலுக்கு ஊறு செய்வது விலங்கு; உடைமையைக் கவர்பவர் கள்வர். இம்மூன்றும் நமக்குப் புறத்தேயிருந்து வருவன. நான்காவதாகிய இறை அவ்வாறன்று. உரை மரபு இறை என்பதனுள் அரசனோடு தந்தையையும் ஆசிரியரையும் அடக்கும். நாம் யாருக்குக் கட்டுப்பட்டவரோ அவரிடத்துத் தோன்றும் அச்சம் இது. விலங்கிடமிருந்து ஓடலாம்; கள்வரிடமிருந்து பொருளைக் காக்கலாம்; இறையின் ஆளுகைக்குள் இருந்துகொண்டே அவனிடமிருந்து தப்புதல் அரிது.

மிகுபுனைவு விளையாட்டுகளில் வழியெங்கும் எதிர்ப்படும் பேய்களும் பறவைநாகங்களும் கொள்ளையரும் முதல் மூன்று வகையினர். ஆட்டக்காரரின் படிநிலை உயர உயர இவர்களிடத்து அச்சம் தேய்கிறது. கதை முழுவதும் அச்சம் தேயாமல் நிற்கவேண்டிய எதிர்த்தலைவன் நான்காம் வகையையும் தன்னுள் கொண்டிருத்தல் வேண்டும்.

இதனோடு பெருமிதத்தையும் இணைத்து நோக்க வேண்டும். கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பன அதன் நிலைக்களன்கள். வீரத்தின் வேராகிய இப்பண்புகளுள் சிலவேனும் எதிர்த்தலைவனிடம் காணப்படும்போதே அவனை வெல்லுதல் பொருளுடைய செயலாகிறது.

கம்பரின் இரணியன்

இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துத் தேரழுந்தூரைக் கம்பரின் ஊராக மரபு கூறும். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைப் படலத்தை அவர் யுத்த காண்டத்துள் அமைத்தார். இராவணனுக்கு அறிவுரை கூறும் வீடணன் இக்கதையை எடுத்துரைக்கிறான். ஓர் எதிர்த்தலைவனுக்கு அவனினும் பெரிய எதிர்த்தலைவன் ஒருவனின் வீழ்ச்சி எச்சரிக்கையாகச் சொல்லப்படும் அமைப்பு இது.

இரணியனிடம் மூவகை இறைமையும் ஒருங்கே உள்ளன. அவன் மூவுலகுக்கும் அரசன்; பிரகலாதனுக்குத் தந்தை; ஓதப்படும் மந்திரத்திலும் தன் பெயரையே புகுத்தியவன். ஆசிரியர் இரணியன் பெயரைச் சொல்லித் தொடங்குமாறு கூற, சிறுவன் நாராயணன் பெயரைச் சொல்லும் இடத்தில்தான் முரண் தொடங்குகிறது. போர்க்களத்திற்கு முன்பே பாடசாலையில் இரணியனின் ஆட்சி உணரப்படுகிறது. எதிர்த்தலைவன் நேரில் வராத இடத்திலும் அவன் ஆணை நடப்பதை இப்பகுதி காட்டுகிறது.

அடுத்தது வரம். மனிதராலும் தேவராலும் விலங்காலும் படைக்கலத்தாலும், பகலிலும் இரவிலும், உள்ளும் புறத்தும், மண்ணிலும் விண்ணிலும் தனக்கு இறப்பு நேராதவாறு அவன் வரம் பெற்றவன். இவ்வரம் அவனுக்கு மிகுவலிமை சேர்ப்பதோடு நிற்பதில்லை. கதையுலகின் விதியாகவும் ஆகிறது. அவனை அழிக்க வருபவரும் அவ்விதியை மீற இயலாது. ஆளும் அல்லாத அரியும் அல்லாத வடிவு, பகலும் இரவும் அல்லாத அந்தி, உள்ளும் புறமும் அல்லாத வாயில், மண்ணும் விண்ணும் அல்லாத மடி, படைக்கலம் அல்லாத உகிர் என வரத்தின் ஒவ்வொரு கூறும் காக்கப்பட்டே முடிவு நேர்கிறது. விதியை உடைக்காமல் அதன் இடைவெளியைக் காண்பதே இங்கு வெற்றி.

இறுதியில் பணியுமாறு மகன் வேண்டியும் இரணியன் பணியவில்லை. தன் வாளையன்றி வேறொன்றைத் தொழ மறுக்கும் அவன் தறுகண்மை அச்சத்தோடு பெருமிதத்தையும் தோற்றுவிக்கிறது.

மெலட்டூர் அரங்கு

பாபநாசம் வட்டத்து மெலட்டூரில் வரதராசப் பெருமாள் கோயில் முன் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடைபெறுகிறது. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் இயற்றிய நாடகங்களுள் 'பிரகலாத சரித்திரம்' தலையாயது. சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இம்மரபு உண்டு. நடிப்போர் யாவரும் ஆடவர். உற்சவ மூர்த்தி அரங்கை நோக்கி எழுந்தருளியிருக்க, இரவில் தொடங்கும் ஆட்டம் விடியல் வரை நீளும்.

இரணியனின் வேடம் அமையும் முறையில் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, வரவு. அவன் திடீரெனத் தோன்றுவதில்லை. கட்டியம் கூறப்பட்டு, பாத்திரப் பிரவேசத் தரு பாடப்பட்டு, அவன் பெருமை செவிவழி அறியப்பட்ட பின்னரே மேடை ஏறுகிறான். காண்பதற்கு முன் கேட்பதால் அவையில் எதிர்பார்ப்பு வளர்கிறது.

இரண்டாவது, உறவு. லீலாவதியின் கணவனாகவும் பிரகலாதனின் தந்தையாகவும் அவன் இரவு முழுவதும் அவையின் முன் நிற்கிறான். மகனைக் கொல்லத் துணிபவன் மகன்மேல் பற்றில்லாதவன் அல்லன் என்பது லீலாவதியின் புலம்பலால் மேலும் கூர்மையடைகிறது. அன்புடையவன் செய்யும் கொடுமை அன்பற்றவன் செய்வதனினும் அஞ்சத்தக்கது.

மூன்றாவது, எதிராற்றலின் அளவு. நரசிம்ம முகமூடி பூசைக்குரியது. அதனை அணிபவர் நோன்பிருந்து அணிகிறார். ஆவேசமுற்று இரணியன்மேல் பாய முற்படும் அவரைப் பிறர் பற்றி நிறுத்துகின்றனர். இரணியன் எத்தகையவன் என்பதை அவனை அடக்க வேண்டிய ஆற்றலின் உக்கிரத்தைக் கொண்டு அவை அறிகிறது. எதிர்த்தலைவனின் பெருமையை அவன் வாயால் சொல்லாமல் பிறவற்றின்மேல் பதியும் விளைவால் உணர்த்தும் முறை இது.

விளையாட்டுகளில் இக்கூறுகள்

மேற்கண்ட கூறுகள் புகழ்பெற்ற வேடமேற்பு விளையாட்டுகளில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை மூன்று சான்றுகளால் காணலாம்.

1997இல் வெளிவந்த ஜப்பானிய விளையாட்டான 'ஃபைனல் ஃபேண்டஸி 7'இல் செபிராத் என்னும் எதிர்த்தலைவன் நேரில் தோன்றும் இடங்கள் குறைவு. சதுப்பு நிலத்தில் ஆட்டக்காரரால் தொடக்கத்தில் எதிர்கொள்ள இயலாத பெரும்பாம்பு ஒன்று உண்டு. அதனை அரும்பாடுபட்டுக் கடந்து அப்பால் சென்றதும், அத்தகைய பாம்பு ஒன்று மரத்தில் குத்தப்பட்டுக் கிடப்பதைக் காண்கிறார். அதைச் செய்தவன் அங்கு இல்லை. ஆயினும் ஆட்டக்காரர் தம் வலிமையை அவனுடையதோடு ஒப்பிட்டுக்கொள்ள நேர்கிறது. அதற்கு முன்னரே, பழைய நிகழ்வைக் கூறும் பகுதி ஒன்றில் செபிராத் ஆட்டக்காரரின் அணியிலேயே உடன் வருகிறான். தலைவனின் படிநிலை அங்கு ஒன்று, அவனுடையது ஐம்பது. இருவரும் ஒரே கணக்குமுறைக்கு உட்பட்டவர் ஆதலால் இவ்வேறுபாடு சொல்லலங்காரமாக அமையாமல் நேரில் கண்ட உண்மையாகிறது. பின்னர் அவன் ஏரித் என்னும் பெண்ணைக் கொல்கிறான். அவளுக்குப் படைக்கலம் தேர்ந்து, திறன் வளர்த்து, பல மணிநேரம் உடன் நடத்தி வந்தவர் ஆட்டக்காரரே. ஆதலால் அவ்விழப்பு கதைமாந்தரின் இழப்பாக மட்டும் நில்லாமல் ஆட்டக்காரரின் இழப்பாகவும் ஆகிறது. கள்வர்வழி வரும் அச்சம் இங்கு தொழிற்படுகிறது.

பயோவேர் நிறுவனத்தின் 'பல்டூர்ஸ் கேட் 2' (2000) ஐரனிகஸ் என்னும் மந்திரவாதியின் நிலவறையில் தொடங்குகிறது. ஆட்டக்காரர் கூண்டில் அடைபட்டிருக்க, அவன் சினமின்றி, உரத்த குரலின்றி, ஓர் ஆய்வாளனைப் போல் அவரைச் சோதிக்கிறான். தப்பிச் செல்லும் வழியில் ஆட்டக்காரர் ஓர் அறையைக் காண்கிறார். அவன் காதலித்த பெண்ணின் நினைவாகப் பேணப்படும் அறை அது. அவனுக்கும் ஓர் இழப்பு உண்டு என்பது அவனை வெறுக்கத் தொடங்கிய அளவிலேயே தெரிந்துவிடுகிறது. வெளியே நகரில் உரிமம் இன்றி மந்திரம் பயில்வது குற்றம். அக்குற்றத்திற்காக அவனும் ஆட்டக்காரரின் இளமைத் தோழியும் கொண்டுசெல்லப்படுகின்றனர். அதே விதி ஆட்டக்காரரையும் கட்டுப்படுத்துகிறது; அவரும் பொன் கொடுத்து உரிமம் பெறவேண்டும். பின்னர் அவன் ஆட்டக்காரரின் ஆன்மாவையே கவர்கிறான். சிறையாளன், ஆய்வாளன், ஆன்மாவைக் கவரும் கள்வன் என இறை, அணங்கு, கள்வர் ஆகிய மூன்று நிலைக்களன்களும் அவனிடம் கூடுகின்றன.

'ஸ்கைரிம்' (2011) எதிர்நிலைச் சான்றாகும். அதன் எதிர்த்தலைவனாகிய ஆல்டுயின் உலகை விழுங்கவல்ல பறவைநாகம். தொடக்கக் காட்சியில் கோட்டையூர் ஒன்றைத் தீக்கிரையாக்கும் அவன் வரவு அச்சம் தருவதே. ஆனால் அதன்பின் ஆட்டக்காரர் முதன்மைக் கதையை ஒதுக்கிவைத்து எத்தனை நாள் அலைந்தாலும் அவன் செயல் முன்னேறுவதில்லை; உலகின் முடிவு ஆட்டக்காரரின் வசதிக்குக் காத்திருக்கிறது. பரந்த உலகில் விரும்பியவாறு உலவும் உரிமை இவ்விளையாட்டின் சிறப்பு. எதிர்த்தலைவன்பால் எழும் அச்சம் தளர்வதற்கும் அதுவே காரணம். அணங்கும் விலங்கும் ஆகிய ஆல்டுயின், ஆட்டக்காரரின் அன்றாடத்திற்கு இறை ஆகவில்லை.

வலிமையும் விதியும்

எதிர்த்தலைவனுக்கு உயிர்ப்புள்ளிகளை மிகுதியாகத் தருவது விளையாட்டு ஆக்கத்தில் எளிய வழி. ஆயினும் மிகுந்த உயிர்ப்புள்ளிகள் போரை நீட்டிக்குமேயன்றி அச்சத்தை வளர்ப்பதில்லை. நீண்ட போரில் அச்சம் சலிப்பாக மாறுவதும் உண்டு. இரணியனின் வரம் வேறு நெறியைக் காட்டுகிறது. எதனால் அவனை வெல்ல இயலாது என்பது முன்னரே அனைவருக்கும் அறிவிக்கப்படுகிறது. அறிந்த ஒவ்வொரு வழியும் அடைபட்டிருப்பதை உணரும்போது அச்சம் முதிர்கிறது. அவ்வறிவிப்பின் சொற்களுக்குள்ளேயே வழி இருந்ததை உணரும்போது முடிவு நிறைவளிக்கிறது. அறிவிக்கப்பட்ட விதியைக் கதையாசிரியர் தம் வசதிக்கு மாற்றினால் அச்சமும் நிறைவும் ஒருங்கே கெடும்.

விதிகளால் ஆனது விளையாட்டு. ஆதலால் காப்பியத்தினும் நாடகத்தினும் விளையாட்டே இந்நெறிக்கு மிக ஏற்ற வடிவம் எனலாம். கம்பரில் வரத்தின் இடைவெளியை நரசிம்மம் காண்கிறது. விளையாட்டில் அதனை ஆட்டக்காரரே கண்டறியுமாறு அமைக்க இயலும்.

யார் எதிர்த்தலைவன்?

பாரதிதாசன் தம் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் இதே இரணியனைத் தலைவனாக்கினார். 1934இல் அந்நாடகம் மேடையேறியது. ஒரே பாத்திரம் ஓரிடத்தில் அழிக்கப்பட வேண்டியவனாகவும் மற்றோரிடத்தில் போற்றப்பட வேண்டியவனாகவும் நிற்க முடிந்தமைக்கு, மரபு அவனிடம் ஏற்கெனவே பெருமிதத்தை விட்டுவைத்திருந்ததும் ஒரு காரணம். கல்வியும் தறுகண்மையும் இல்லாத வெற்றுக் கொடியவனை எந்த மறுவாசிப்பும் மீட்டெடுக்க இயலாது.

அசுரரை நிறத்தாலும் உருவத்தாலும் மட்டும் தீயவராகக் காட்டும் விளையாட்டு, கலைநோக்கில் தளர்வதோடு அறநோக்கிலும் பிழைபடுகிறது. எதிர்த்தலைவனின் நியாயத்தைக் கேட்டபின் அவனை எதிர்க்க முடிவுசெய்யும் ஆட்டக்காரரே அம்முடிவுக்குப் பொறுப்பேற்கிறார்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பாய்வால் பெறப்படுவன வருமாறு: எதிர்த்தலைவன் காணப்படுவதற்கு முன் கேட்கப்பட வேண்டும், அவன் வலிமை பிறவற்றின்மேல் அது விளைத்த பயனால் உணர்த்தப்பட வேண்டும், ஆட்டக்காரருக்கு உரிய ஒன்றின்மேல் அவன் கை படவேண்டும், அவனுக்கென ஒரு பற்றும் ஒரு நியாயமும் இருத்தல் வேண்டும், அவனைக் காக்கும் விதி அறிவிக்கப்பட்டு இறுதிவரை காக்கப்பட வேண்டும். இவ்வைந்தும் கூடுமிடத்து அவன் தொல்காப்பியம் கூறும் 'இறை' என்னும் நிலையை எய்துகிறான். அங்கு அச்சம் பெருமிதத்தோடு சேர்ந்து நிற்கிறது.

காணொளி விளையாட்டு குறித்த ஆய்வு தமிழில் இன்னும் விரிவடைய வேண்டிய துறை. மெய்ப்பாட்டியலையும் பாகவத மேளாவையும் தெருக்கூத்தையும் அதற்குரிய கோட்பாட்டு மூலங்களாகக் கொள்ளலாம். குறிப்பாக, மெலட்டூர் அரங்கில் இரணியன் வேடம் ஏற்போர் பயிலும் நடை, குரல், நிற்கும் இடம் ஆகியவற்றைக் களஆய்வின்வழிப் பதிவுசெய்தல், நாடகத்துறைக்கும் விளையாட்டு ஆக்கத்துறைக்கும் ஒருங்கே பயன்படும்.