நுளம்பின் வயிற்றில் ஒரு காவல்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. இந்த உவர்நீரில் மலேரியா நுளம்பு பெருகாது என்றுதான் நெடுங்காலம் நம்பியிருந்தோம். இலங்கையில் அந்த நோயைப் பரப்பிய பிரதான நுளம்பான அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ் தெளிந்த நன்னீரைத் தேடி முட்டையிடும் இனம். ஆனால் கிழக்குக் கரையோரத்து உவர்நீரிலும் அதன் குடம்பிகள் இருப்பதை ஆய்வாளர்கள் 2010இல் பதிவு செய்தார்கள்.

நோய் இப்போது நாட்டில் இல்லை. உள்நாட்டிலேயே வேரூன்றியிருந்த நோயின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேரைப் பறிகொடுத்த நாட்டுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் ஒழிந்தது ஒட்டுண்ணி மட்டுமே. நுளம்பு அப்படியே இருக்கிறது. 1963இலும் நாடு முழுவதற்கும் 17 நோயாளிகள்தான். அத்தோடு கை தளர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காய்ச்சல் லட்சக்கணக்கானோரிடம் திரும்பி வந்துவிட்டது. போதாக்குறைக்கு 2016இல் மன்னாரில் ஸ்டீபன்சி என்ற புது மலேரியா நுளம்பினம் அகப்பட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். இது கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகுவது, நகரவாசி.

மருந்தடித்தால் சில காலத்தில் நுளம்பு அதற்குப் பழகிவிடுகிறது. அதனால்தான் சில விஞ்ஞானிகள் வேறொரு கேள்வியைக் கேட்டார்கள்: நுளம்பு இருக்கட்டும், அதன் வயிற்றுக்குள் ஒட்டுண்ணியை மட்டும் மடக்க முடியாதா?

கேள்வி விளையாட்டல்ல. நோயாளியின் இரத்தத்தோடு நுளம்பின் குடலுக்குள் ஆயிரக்கணக்கில் ஒட்டுண்ணிகள் போகின்றன. குடற்சுவரைத் துளைத்துத் தங்குபவை பெரும்பாலும் ஒரு கைவிரல் எண்ணிக்கைதான். பிறகு அவை ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்காய்ப் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்விடும். ஆகவே ஒட்டுண்ணியைப் பிடிக்க மிக ஒடுங்கிய வாசல் குடல்தான். அதே குடலில் இயல்பாகவே பக்டீரியாக்கள் வாழ்கின்றன. இரத்தம் குடித்ததும் அவை பல மடங்கு பெருகுகின்றன. எதிரி வரும் நேரத்தில் காவலும் பெருகுகிறது!

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்செலோ ஜேக்கப்ஸ்-லொரேனாவின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. பன்டோயா என்ற குடல் பக்டீரியாவுக்குள், ஒட்டுண்ணியைத் தாக்கும் புரதங்களுக்கான மரபணுக்களை வைத்தார்கள். ஒரு சிக்கல்: புரதம் பக்டீரியாவுக்குள்ளேயே அடைபட்டிருந்தால் வெளியே நிற்கும் ஒட்டுண்ணிக்கு என்ன ஆகப்போகிறது? எனவே ஈ.கோலி பக்டீரியா தன் நஞ்சை வெளியே தள்ளப் பயன்படுத்தும் பொறிமுறையை இரவல் வாங்கினார்கள். 2012இல் வெளியான முடிவில் ஒட்டுண்ணி வளர்ச்சி 98 சதவீதம் வரை தடைப்பட்டிருந்தது. ஆனால் அந்தப் பக்டீரியாவை ஒவ்வொரு நுளம்புக்கும் ஊட்டுவது யார்? 2017இல் அதற்கும் விடை வந்தது. செராஷியா என்ற பக்டீரியா, இணைசேரும்போது ஆணிலிருந்து பெண்ணுக்கும், தாயிலிருந்து பிள்ளைக்கும் கடந்து, கூண்டுகளில் மூன்று தலைமுறை நீடித்தது.

இதற்கிடையில் மரபணுவைத் தொடாமலே ஒரு பக்டீரியா தற்செயலாய்ச் சிக்கியது. ஸ்பெயினில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுகூடத்தில் வளர்த்த நுளம்புகளுக்கு மலேரியா தொற்றவே மறுத்தது. தேடிப் பார்த்தால் குடலில் டெல்ஃப்டியா. அது சுரக்கும் ஹார்மேன் என்ற பொருள்தான் ஒட்டுண்ணியை அடக்கியது. 2023இல் வெளியான ஆய்வின்படி, நுளம்பில் ஒட்டுண்ணிச் சுமை ஏறத்தாழ முக்கால் பங்கு வரை குறைந்தது. புர்கினா பாசோவில் வலையடைப்புக்குள்ளும் அதைச் சோதித்தார்கள். மரபணு மாற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஊர்களுக்கு இதுவே முதலில் போகும் என்று எனக்குப் படுகிறது.

நுளம்புக்குள் பக்டீரியாவை வைத்து நோயை அடக்குவது இலங்கைக்கு அந்நியமும் அல்ல. 2020இல் நுகேகொடையிலும் கொழும்பு 15இலும் வொல்பாக்கியா ஏற்றிய நுளம்புகளைத் திறந்துவிட்டார்கள். ஆனால் அது டெங்குவுக்காக, வேறு இன நுளம்பில். பக்டீரியாவின் மரபணுவிலும் கைவைக்கவில்லை.

மாற்றிய பக்டீரியாவை வெளியில் விடுவதில் உள்ள நெருடல் வேறு. தானாகப் பரவுவதுதான் அதன் பலம். திருப்பி அழைக்க முடியாது என்பதும் அதிலேயே அடக்கம். ஸ்டீபன்சி தென்னிந்தியாவிலிருந்து வந்திருக்கலாம் என்பதே பொதுவான ஊகம். அப்படியானால் இராமேஸ்வரத்தில் விடும் பக்டீரியா மன்னாருக்கும் வரலாம். அனுமதியை எந்த அரசு கொடுப்பது?

அதுவரை இறக்கக்கண்டிக்கான காவல் பழையதுதான். மலேரியா உள்ள நாட்டுக்குப் போகிறவருக்கு மலேரியா தடை இயக்கம் தடுப்பு மாத்திரையை இலவசமாகக் கொடுக்கிறது. திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் வைத்தியசாலைக்குப் போய், எந்த நாட்டிலிருந்து வந்தோம் என்பதைச் சொல்லி இரத்தம் பரிசோதிக்கக் கேட்க வேண்டும்.