வெளிநாட்டு உறவினர் விவசாய நிலம் வாங்கலாமா?

சிங்கப்பூரிலோ துபாயிலோ சம்பாதிக்கும் உறவினருக்கு ஊரில் இரண்டு ஏக்கர் நன்செய் வாங்கிப் போட ஆசை இருக்கும். விற்கும் விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தால் போதும். ஆனால் அட்வான்ஸ் கைமாறுமுன் இரு தரப்பாரும் சட்டத்தை அறிந்துகொள்வது நல்லது.

எதை வாங்கலாம்?

1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும், ஓ.சி.ஐ. அட்டை பெற்ற இந்திய வம்சாவளியினரும் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். தனி அனுமதி தேவையில்லை. பணம் வங்கி மூலம் வர வேண்டும். வெளிநாட்டு நோட்டாகக் கொடுக்கக் கூடாது.

விவசாய நிலம், தேயிலை, காபி போன்ற தோட்டங்கள், பண்ணை வீடு ஆகிய மூன்றையும் அவர்கள் வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வேலைக்காக வெளிநாடு சென்று தங்கியுள்ள சொந்த மகனுக்கும் இதுவே விதி. ஊரில் உள்ளவருக்குப் பவர் எழுதிக் கொடுத்தாலும் விதி மாறாது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு.

பூர்வீக நிலம்

தகப்பனார் காலத்துக்குப் பின் வாரிசுரிமையாக வரும் நிலத்தை அவர்கள் வைத்துக்கொள்ளலாம். விற்பதானால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க வேண்டும்.

‘அண்ணன் பெயரில் முடிக்கலாமா?’

பணம் தம்பியுடையது, பத்திரம் மட்டும் அண்ணன் பெயரில், பலன் தம்பிக்கு என்றால் அது பினாமி. 1988இல் வந்து 2016இல் கடுமையாக்கப்பட்ட சட்டப்படி அந்த நிலத்தை அரசு பறிமுதல் செய்யலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். பெயர் கொடுத்த அண்ணனும் தப்ப முடியாது.

தம்பி உண்மையிலேயே அன்பளிப்பாகப் பணம் அனுப்பி, அண்ணன் தமக்கென்றே வாங்கினால் தவறில்லை. அப்போது நிலம் அண்ணனுக்கே சொந்தம். ‘என் பணத்தில் வாங்கியது’ என்று தம்பி பின்னாளில் உரிமை கோர முடியாது. இதை முன்பே பேசித் தெளிந்துகொண்டால் குடும்பத்தில் மனத்தாங்கல் வராது.

விற்பவர் கவனத்திற்கு

வாங்குபவர் எங்கே வசிக்கிறார், எந்த நாட்டுக் குடிமகன், பணம் யாருடையது என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். சந்தேகம் இருந்தால் கிரய ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வழக்கறிஞரிடம் காட்டுவது நலம். பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் மட்டும் சட்டக் குறை நீங்கிவிடாது.