செயற்கைக் குழாய்க்கு உயிருள்ள உட்சுவர்



நம் ரத்தக்குழாய்களின் உட்புறத்தில், தரையில் ஓடு பதித்ததுபோல், எண்டோதீலியம் என்னும் ஒற்றை அடுக்குச் செல்கள் படர்ந்திருக்கின்றன. நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாசைக்ளின் ஆகியவற்றைச் சுரந்து, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டாமல் காப்பவை இவைதான்.

அடைபட்ட ரத்தக்குழாய்க்கு மாற்றாக டாக்ரான், டெஃப்லான் என்னும் செயற்கைப் பொருள்களாலான குழாய்களைப் பொருத்துவதுண்டு. வயிற்றுப் பெருந்தமனி போன்ற அகலமான இடங்களில் அவை நன்றாக உழைக்கும். விட்டம் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்தாலோ ரத்தம் எளிதில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

அந்தக் குழாய்க்குள்ளும் எண்டோதீலியச் செல்களைப் பதித்தால் என்ன? 1978இல் அமெரிக்க மருத்துவர் மால்கம் ஹெர்ரிங் குழுவினர் நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். பின்னர் வியன்னா மருத்துவர்கள் அதை மனிதரிடம் கொண்டுவந்தார்கள். நோயாளியின் சிறு சிரைத் துண்டிலிருந்து செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, ஃபைப்ரின் பசை பூசிய குழாயில் படரவிட்டுக் காலில் பொருத்தினார்கள். 300க்கும் மேற்பட்டோர் இந்தச் சிகிச்சையைப் பெற்றார்கள். சொந்தச் செல்கள் என்பதால் உடல் அவற்றை அந்நியமாகப் பார்ப்பதில்லை.

ஆனால், செல்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். எனவே அவசர அறுவை சிகிச்சைக்கு இந்த முறை கைகொடுக்காது.