தூங்காத கார்

திங்கட்கிழமை காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மீட்டர் விளக்குகள் மங்கி அணையும். எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் வண்டி கிளம்பிவிடும். வெள்ளி வரை ஒரு குறையும் இருக்காது. சனி, ஞாயிறு வீட்டில் நின்றால் திங்களன்று மறுபடி எதிர்வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். "பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க" என்றார் மெக்கானிக். மாற்றினேன். புதுசும் மூன்றாவது வாரமே படுத்துவிட்டது.

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாக அணைவதில்லை. கடிகாரம் ஓட வேண்டும், ரிமோட்டை அழுத்தினால் சென்ட்ரல் லாக் கேட்க வேண்டும், அலாரம் காவல் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை போவது இயல்பு. 50 என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு 1.2 ஆம்பியர் மணிதான். என்னுடையது 35 ஆம்பியர் மணி பேட்டரி. அதில் பாதி இறங்கவே இரண்டு வாரம் ஆகும். இரண்டே நாளில் காலியாகிறது என்றால் வேறு ஏதோ குடிக்கிறது.

1859இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈயத் தகடு, கந்தக அமிலம் என்ற அதே ஏற்பாடுதான் இன்றும் பானெட்டுக்குள் இருக்கிறது. ஆறு அறைகள், அறைக்கு 2.1 வோல்ட். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.2க்கு வந்தால் பாதி போய்விட்டது. சார்ஜ் இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். அப்படியே விட்டுவைத்தால் இறுகிப் படிகமாகி, பிறகு கரையாது. ஆக, இந்த மின்கசிவைக் கவனிக்காமல் விட்டால் மெக்கானிக் சொன்னது கடைசியில் உண்மையாகிவிடும்!

முதலில் எஞ்சினை ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 14.1 வோல்ட். 13.8க்கும் 14.5க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்நேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தம். இனிக் கசிவைத்தான் பிடிக்க வேண்டும்.

எஞ்சினை அணைத்து, சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். பாசிட்டிவில் முதலில் கை வைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்டதும் பொறி பறக்கும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைக் கோத்தேன். இந்த நிலையில் தப்பித்தவறி செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

எடுத்த எடுப்பில் 2 ஆம்பியருக்கு மேல் காட்டியது. பலர் இங்கேதான் பதறுகிறார்கள். இணைப்புக் கொடுத்ததும் காரின் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொள்ளும். மறுபடி தூங்கப் பத்து நிமிடமாவது வேண்டும், புது வண்டிகளுக்கு அரை மணிக்கும் மேல். நடுவில் கதவைத் திறந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டியை எட்டக் கதவு திறந்திருக்க வேண்டுமே? கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிவிட்டால் கதவு சாத்தியிருப்பதாக வண்டி நம்பிவிடும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இழுத்து நாக்கை விடுவித்த பிறகே கதவைச் சாத்த வேண்டும்.

இருபது நிமிடம் கழித்து மீட்டர் 0.31இல் நின்றது. வெள்ளி இரவு முதல் திங்கள் காலை வரை 60 மணி நேரம் என்றால் 18.6 ஆம்பியர் மணி. பாதிக்கு மேல் காலி!

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முகப்பு விளக்கு, வைப்பர், ஹார்ன் எதற்கும் எண் அசையவில்லை. ரேடியோ ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.02க்கு விழுந்தது. முந்தைய வருடம் ஒரு கடையில் மாட்டிய தொடுதிரை ஸ்டீரியோ. பின்னால் கழற்றிப் பார்த்தால் மஞ்சள், சிவப்பு இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மஞ்சளுக்கு எப்போதும் மின்சாரம் வரும், நினைவகத்துக்காக. சிவப்பு, சாவி திரும்பும்போது மட்டும் உயிர்பெற வேண்டியது. இரண்டையும் கட்டிவிட்டதால் திரை இருண்ட பிறகும் உள்ளே இருந்த கம்ப்யூட்டர் தூங்கவே இல்லை.

எல்லா வண்டியிலும் இவ்வளவு சுலபமாகச் சிக்காது. டிக்கி விளக்கு அணைகிறதா என்ற சந்தேகத்துக்கு, வீடியோ ஓடும் செல்போனை உள்ளே வைத்து மூடிப் பார்த்தால் போதும். எந்த ஃபியூஸைப் பிடுங்கினாலும் எண் இறங்கவில்லையா, ஆல்டர்நேட்டர் டயோடைச் சந்தேகிக்கலாம். பெரும்பாலும் அதன் தடித்த ஒயர் இந்த ஃபியூஸ்கள் வழியாக வருவதில்லை. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

சிவப்பு ஒயரைச் சிகரெட் லைட்டர் இணைப்புக்கு மாற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. பழைய பேட்டரியை அதற்குள் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டிருந்தேன்.