பத்துப் பேருக்கு ஒரு விருந்து

தில்லியில் வாடகை அறையில் சமைத்து நண்பர்களை அழைக்க விரும்புவோர்க்கு நான் சொல்வது: பங்குப் பணம் கேட்காதீர்கள். உதவித்தொகை தாமதமாகும் மாதத்தில், கையில் காசில்லாத நண்பர் “வயிறு சரியில்லை” என்று வராமல் இருந்துவிடுவார். ஆகவே ஒருவர் பையே தாங்கும்படி விருந்தைச் சுருக்க வேண்டும்.

சாம்பார் சாதம் ஒன்றே போதும். பத்துப் பேருக்கு அரிசி ஒரு கிலோ, துவரம்பருப்பு 400 கிராம். ஜனவரியில் இட்லி ஆசை வேண்டா. அக்குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பிவிடும், மாவு எளிதில் பொங்காது. முருங்கைக்காய் தேடி ஐ.என்.ஏ. சந்தைக்கு ஓடவும் வேண்டா. முள்ளங்கியும் கேரட்டும் அப்பருவத்தில் தெருவண்டியிலேயே மலிவு.

கவனம் வேண்டியது பருப்பில்தான். அரைமணி ஊறவைத்து, புளியில்லாமல் வேகவையுங்கள். புளியின் அமிலம் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டினை எளிதில் கரையவிடாது. முந்திக்கொண்டு ஊற்றினால் எரிவாயுதான் வீண். கடின நீரிலுள்ள கால்சியமும் இதே குறும்பைச் செய்யும். அதற்குச் சிட்டிகை சமையல் சோடா போதும். மிகுந்தால் சோப்பு வாடை அடிக்கும்! பருப்புக் குழைந்தபின் காய், புளி, பொடி; பிறகு குழைய வெந்த சோறு. தொட்டுக்கொள்ள அப்பளம்.

“நான் என்ன கொண்டுவர?” என்று கேட்பவரிடம், தட்டும் தம்ளரும் என்று சொல்லுங்கள். அவை எல்லாரிடமும் உண்டு. பத்துத் தட்டு நம்மிடம் ஏது?