தேன்கூடு திரும்பிவிட்டதா?

தை மாதத்தில் திருவண்ணாமலை ரமணாசிரம வாசலில், செங்கம் சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சைக்கிளிலும் வெறுங்காலிலும் போகிற வயதான வெள்ளைக்காரர்கள் சிலரின் நெற்றியில், வழுக்கையில், புறங்கையில் சிவந்து செதில் தட்டிய சிறு திட்டுகள் இருக்கும். கண்ணை முந்திக்கொண்டு விரல் கண்டுபிடித்துவிடும்; தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ஆக்டினிக் கெரட்டோசிஸ் என்று பெயர். பல வருட வெயில் தோல் செல்களின் மரபணுவைக் கெடுத்ததால் வருவது. புற்றுநோய் அல்ல. ஆனால் சில திட்டுகள் பின்னாளில் புற்றாக மாறக்கூடும்.

அதே வெயிலில் அதே 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிற நமக்கு இது அபூர்வம். செல்லின் உட்கரு மேல் மெலனின் என்ற கருநிறமி தொப்பி போலக் கவிந்து காக்கிறது. அந்தத் தொப்பி இல்லாத அல்பினிசக்காரர்களுக்கு நம் ஊரிலும், இளவயதிலேயே வரும்.

இந்தத் திட்டுகளைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்ப்பார்கள். அல்லது ஃப்ளூரோயுராசில் களிம்பு. களிம்பு போட்டால், நன்றாக இருந்ததாக நினைத்த இடமும் சிவந்து புண்ணாகும். பலர் பயந்து நிறுத்திவிடுவார்கள். உண்மையில், கண்ணுக்குத் தெரியாமல் கெட்டிருந்த செல்களை மருந்து பிடித்திருக்கிறது! புண் ஆறி, மேலே வழவழப்பாகிவிடும். உள்ளே?

1949-இல் ரமணரின் இடது கையில் அறுவை செய்த கட்டி வேறு வகை, சார்கோமா, வெயிலால் வருவதல்ல. ஆனால் அந்தக் காலத்தில் எதுவானாலும் உள்ளே இருப்பதை அறிய, வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் வைப்பதுதான் வழி.

இன்று கன்ஃபோகல் நுண்ணோக்கி இருக்கிறது. கத்தி வேண்டாம். 830 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் தோலுக்குள் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் வரை போய், செல் செல்லாகப் படம் காட்டும். நல்ல மேல்தோல் தேன்கூடு மாதிரி, ஒத்த அளவு அறைகளாகத் தெரியும். கெட்ட இடத்தில் அறைகள் சிறுத்தும் பெருத்தும் கோணிக் கிடக்கும். சிகிச்சைக்கு முன் ஒரு படம், பின் அதே இடத்தில் இன்னொன்று. தேன்கூடு திரும்பியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: அந்தப் படத்தில் பளிச்சென்று ஒளிர்வது மெலனின்தான். வெளியே கறுப்பு, உள்ளே விளக்கு.

செதில் தடித்திருந்தால் ஒளி சிதறிப் படம் கலங்கும். ஆழத்தில் சந்தேகம் என்றால் இன்றும் சதைத் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வெள்ளைக்காரருக்கு நெற்றியில் ஆறாத சொரசொரப்பு இருந்தால், தோல் டாக்டரிடம் ஒருதரம் காட்டச் சொல்லுங்கள்.