நாய் நல்லா ஆயிடுச்சு, இதய மாத்திரையை நிறுத்தலாமா?

"டாக்டர், இப்ப நல்லா ஓடுறான், சாப்பிடுறான். மாத்திரையை நிறுத்திடலாமா?" கிளினிக்ல என் காதுல அடிக்கடி விழற கேள்வி இது. நிறுத்தக் கூடாது. ஏன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

பொமரேனியன், டாஷண்ட் மாதிரி சின்ன நாய்களுக்கு வயசானா அதிகமா வர்றது மைட்ரல் வால்வு நோய். வால்வு தடிச்சுப்போய் சரியா மூடாது. முன்னால போக வேண்டிய ரத்தம் கொஞ்சம் பின்னால கசியும். அந்த அழுத்தம் நுரையீரல் வரைக்கும் ஏறினா, அங்க நீர் கோத்துக்கும், மூச்சு வாங்கும். இதுதான் ஹார்ட் ஃபெயிலியர். எந்த மாத்திரையும் வால்வைச் சரி பண்ணாது. இதயத்தோட சுமையைத்தான் குறைக்கும்.

முதல் மாத்திரை பிமோபெண்டன். இதயத் தசையில இருக்கிற கால்சியத்தை இன்னும் நல்லா வேலை வாங்கும், அதனால துடிப்பு வலுவாகும். கூடவே ரத்தக்குழாய்களை விரிய வைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கொடுக்கணும். இதயம் பெருசாகியும் அறிகுறி வராத நாய்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தாங்க. 2016-ல வெளியான அந்த 'எபிக்' ஆய்வுல, ஹார்ட் ஃபெயிலியர் ஏறக்குறைய 15 மாசம் தள்ளிப்போச்சு.

அடுத்தது ஃபுரோசமைட். சிறுநீரகம் உப்பைத் திருப்பி எடுத்துக்கிறதை இது தடுக்கும். உப்போட தண்ணியும் வெளியே போகும், நுரையீரல்ல கோத்த நீர் வடியும். அதனால நாய் நிறைய ஒண்ணுக்குப் போகும், நிறைய தண்ணி குடிக்கும். வீடு ஈரமாகுதேன்னு தண்ணிக் கிண்ணத்தை எடுத்துடாதீங்க. உடம்பு வறண்டா சிறுநீரகம் அடிவாங்கும்.

மூணாவது, எனலாப்ரில் இல்லைன்னா பெனசெப்ரில். இதயம் தளர்ந்தா, ரத்தம் பத்தலைன்னு உடம்பு நினைச்சுக்கும். உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், ரத்தக்குழாய்களை இறுக்கும். ஃபுரோசமைட் இந்தப் பதற்றத்தை இன்னும் கிளப்பிவிடும். இந்த மாத்திரை அதை அடக்கும். அதனாலதான் ரெண்டையும் சேர்த்துக் கொடுக்கிறோம். சிறுநீரகம் எப்படி இருக்குன்னு அப்பப்போ ரத்தப் பரிசோதனை பண்ணணும்.

ஆக, உங்க நாய் நல்லா இருக்குன்னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்களா நிறுத்தினா நீர் திரும்பவும் கோத்துக்கும். வலிக்குதேன்னு நமக்கு வாங்கின இபுப்ரோஃபென்னையும் கொடுக்காதீங்க. அது சிறுநீரகத்தைக் கெடுத்துடும்.

வீட்டுல ஒரே ஒரு வேலை. நாய் அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணுங்க. நெஞ்சு ஏறி இறங்கினா ஒண்ணு. தினமும் குறிச்சு வைங்க. நிமிஷத்துக்கு 30-ஐத் தாண்டினா கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி எண்ணுங்க. அப்பவும் குறையலைன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.